ஒரு பகல் குதிரைத் தூரம்

வால்நோவா ஊர் மன்றத்தின் சுவரில் பழைய மாவட்ட வரைபடம் ஒன்று தொங்கியது. மாவட்டத்தின் எந்த மூலையில் வாழ்பவனும் குதிரையேறினால் ஒரே பகலில் மாவட்டத் தலைநகரை எட்டவேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தில் எல்லை வகுத்தவர்களின் அளவுகோல் அதுதான் என்று அங்குள்ள பிள்ளைகள் அனைவரும் பள்ளியில் படித்திருந்தார்கள். அந்தப் படத்தின் கீழே நின்று ஆட்சியரின் கடிதத்தைப் படித்த மேயர் ஒதீல் ஷாசலா, அதை மேசைமேல் ஓங்கி அறைந்தாள்.

எண்பத்து மூன்று பேர் வாழும் வால்நோவாவைப் பக்கத்து ஊரோடு இணைத்து, பெயரையும் எடுத்துவிடப் போகிறார்கள். அரசு அலுவலகங்கள் எளிதில் எட்டும் தொலைவில் இருப்பதால் யாருக்கும் குறை வராதாம். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் தலைநகரில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் தரவேண்டும்.

"எளிதுல எட்டுதாம்! துணை ஆட்சியர் ஆபீஸை மூடினான், பொறுத்தோம். பஸ்ஸை நிறுத்தினான், பொறுத்தோம். இப்ப பேரையும் கேக்கறான்!"

"கார்ல போய்க் குடுத்துட்டு வாங்க மேயரம்மா," என்றார் மன்ற உறுப்பினர் மார்சியால்.

"கார்ல போனா அவன் சொன்னது நெசமாயிடும். குதிரையில போறேன். அவன் பாட்டன் போட்ட கணக்காவது நிக்குதான்னு பாப்போம்."

"குதிரைக்குப் பத்தொம்பது வயசு, உங்களுக்கு அறுபத்தொண்ணு. யாரு முதல்ல படுக்கறீங்கன்னுதான் தெரியல."

வெள்ளியன்று விடியலிலேயே புறப்பட்டாள். முப்பத்தெட்டு கிலோமீட்டர், இரண்டு ஏற்றம், ஓர் ஆறு. லாரிகள் ஒலியெழுப்பி விரட்டின. இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. ஆனாலும் மூன்றே காலுக்கு ஆட்சியர் அலுவலக வாசலில் இறங்கிவிட்டாள். பாட்டன் கணக்கு நின்றது.

ஆனால் கதவு பூட்டியிருந்தது.

"இந்த வாரத்துலேர்ந்து வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட சரிம்மா," என்றான் காவலாளி. "பெட்டியில போடுங்க. திங்கக்கிழமை முத்திரை விழும்."

திங்கட்கிழமை முத்திரை விழுந்தால் மறுப்பு செல்லாது. காரில் வந்திருந்தால் பத்து மணிக்கே கொடுத்திருக்கலாம். தன் வீம்பே தன் ஊரைக் கொன்றுவிட்டதோ என்று ஒரு கணம் கலங்கினாள். உடனே கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். நான்கு மணி என்றுதான் இருந்தது. கீழே ஆட்சியரின் கையெழுத்தும் இருந்தது. கலக்கம் மறுபடி கோபமாயிற்று.

"கோழிகளுக்கு நரி ஒரு கதவு செஞ்சு குடுத்துச்சாம் தம்பி. நல்ல கதவு. தாழ்ப்பாளை மட்டும் வெளிப்பக்கம் வச்சுச்சாம்!"

"நான் வெறும் வாட்ச்மேன்மா."

"தெரியும். அப்ப குதிரையைப் பிடி."

கடிவாளத்தை அவன் கையில் திணித்துவிட்டு எதிர்ச் சாரிக்கு நடந்தாள். அங்கே நீதிமன்ற அமீனா ஒருவரின் பலகை தொங்கியது. கண்ணால் கண்டதை அவர் எழுதிக் கையொப்பமிட்டால் போதும், மறுப்பு நேரத்துக்குள் வந்தது என்பதை எந்த நீதிபதியும் தள்ளமுடியாது. அவரைச் சட்டைக்கையோடு இழுக்காத குறையாக அழைத்துவந்து பூட்டின் முன் நிறுத்தினாள். மேயருக்குரிய மூவர்ணப் பட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அமீனா கடிகாரத்தைப் பார்த்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார். கடிதத்தையும் மறுப்பையும் வரிவரியாகப் படித்தார். மூன்று மணி முப்பத்தொரு நிமிடம், கதவு அடைப்பு, மேயர் மறுப்புடன் நேரில் வருகை. எழுதிக்கொண்டே வந்தவர், காவலாளியின் தொப்பியை முகர்ந்துகொண்டிருந்த குதிரையைக் கண்டு பேனாவை நிறுத்தினார்.

"இதுலயா வந்தீங்க? இதையும் எழுதணுமா மேயரம்மா?"

"முதல் வரியில அதைத்தான் எழுதுங்க. எவ்வளவு எளிதுல எட்டுதுன்னு தெரியட்டும்," என்றாள் ஒதீல்.