மண்டியில் அபிலாஷ் என்று யாரும் இல்லை

சூலூரில் சைமனுக்கு எட்டுத் தறி ஓடியது. வீட்டை ஒட்டியே தறிக்கூடம் என்பதால் அந்த வீட்டில் யாருக்கும் மெல்லப் பேச வராது. அந்த உரத்த குரலே தன் மகள் ஃபெமினாவுக்குப் பிழைப்பாகும் என்று சைமன் நினைத்ததில்லை. மொபைல் கேம் போட்டிகளுக்கு ஃபெமினா கோயமுத்தூர்ப் பேச்சிலேயே கமெண்ட்ரி சொல்லத் தொடங்கினாள். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு லைவ் போடுவாள். மூன்று வருடமாக இருநூறு பேருக்கு மேல் யாரும் பார்த்ததில்லை.

நாலாவது வருடம் கோவையில் கல்லூரிகளுக்கான மொபைல் கேம் இறுதிப் போட்டி நடந்தது; கமெண்ட்ரி சொல்ல அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜெயிக்க வேண்டிய அணியில் அபிலாஷ் என்று ஒருவன். எதிரிகள் பதுங்கியிருந்த அறைக்குள் அவன் வீசிய குண்டு சன்னல் சட்டத்தில் பட்டுத் திரும்பி, அவனுடைய ஆட்கள் மூவரையும் முடித்துவிட்டது. அரங்கமே வாயடைத்து நின்றபோது மைக்கில் ஃபெமினா சொன்னாள்: "நம்ம அபிலாஷ் இருக்கறப்போ எதிரி எதுக்குங்க?"

யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. அந்தப் பதினோரு வினாடித் துண்டை ஒரே வாரத்தில் இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். யார் எந்தக் காரியத்தைக் கெடுத்தாலும் 'அபிலாஷ் பண்ணிட்டான்' என்று எழுதுவது வழக்கமாகிப் போனது. கேட்ச்சை விட்டவனுக்கும் அதே பேர், பரோட்டாவைக் கருக்கிய மாஸ்டருக்கும் அதே பேர். ஃபெமினாவின் சேனல் வளர்ந்தது. மாநிலப் போட்டி முழுவதற்கும் கமெண்ட்ரி சொல்ல சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் கூப்பிட்டது. விளம்பரத்தில் அந்த வரியை ஒருமுறை சொல்லித் தர வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள்.

அந்த வாரம்தான் சாய்ப்ரியா என்ற பெண் எழுதினாள். "அக்கா, நான் அபிலாஷோட தங்கச்சிங்க. அண்ணன் காலேஜ் போறத நிறுத்தி நாலு மாசமாச்சுங்க. உங்க மேல கோவமில்லீங்க. உங்களுக்குத் தெரியோணும்னு சொன்னேன்."

ஃபெமினா மூன்று நாள் பதில் போடவில்லை. நாலாம் நாள், அவனைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். வீடு காரமடை, ஆனால் அண்ணன் பகலெல்லாம் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் இருப்பான் என்று பதில் வந்தது.

மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தாள்.

"அபிலாஷுங்களா? அப்படி இங்க யாரும் இல்லீங்களே அம்மணி."

போனில் இருந்த படத்தைக் காட்டினாள். "அட, இது நம்ம ரங்கன்" என்று அவர் உள்ளே கையைக் காட்டினார்.

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அவன் எழுந்து வந்தான். "குரலக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சுங்க" என்றான். டீ வாங்கி வந்து கொடுத்தான்.

"பேர மாத்திட்டீங்களா தம்பி?"

"மாத்தலீங்க. கேட்டாங்க, இப்படிச் சொல்லிப்போட்டேன். அந்தப் பேரச் சொன்னா கேக்கறவங்களுக்கு மொதல்ல சிரிப்பு வந்துருதுங்க."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"குண்டு போட்டது நாந்தானுங்களே." டீ டம்ளரை ஒரு மூட்டை மேல் வைத்தான். "அதுக்கு முந்தின ரவுண்டுல தனியாளா நாலு பேர அடிச்சேனுங்க. நீங்க எந்திரிச்சு நின்னு கத்துனீங்க. லைவ்ல அதக் கேட்டு எங்கம்மா அழுதுட்டாங்களாம்."

ஃபெமினாவுக்கு அது நினைவிலேயே இல்லை.

"லைவுக்கு வாங்க தம்பி. எல்லாரு முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

அவன் மறுத்துத் தலையை ஆட்டினான். "வேண்டாமுங்க. என்னை வெச்சு இன்னொரு வீடியோ வேண்டாம்."

பஸ்ஸில் திரும்பும்போது அவன் சொன்ன அந்த வார்த்தைதான் அவளை அறுத்தது. அந்த மன்னிப்பு வீடியோவுக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று மண்டிக்கு வரும் வழியிலேயே அவள் யோசித்துக்கூட வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டைச் சேனலிலிருந்து அழித்தாள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. அந்த வரியைச் சொல்ல மாட்டேன் என்று சென்னைக்குப் பேசினாள். அவர்கள் வேறொருவரைப் பிடித்துக்கொண்டார்கள்; விளம்பரத்தில் அவர் அந்த வரியை அவளைவிட நன்றாகவே சொன்னார். அவள் அழித்ததால் ஒன்றும் குறையவும் இல்லை. நூறு பேர் நூறு இடத்தில் அதைப் போட்டு வைத்திருந்தார்கள்.

"போன வாய்ப்பு போனதுதானா கண்ணு?" என்று சைமன் கேட்டார்.

"ஆமாங்கப்பா."

அவர் தறியை ஓட்டப் போனார்.

பழைய பதிவைத் தேடி எடுத்து அந்த முந்தின ரவுண்டை முழுவதும் பார்த்தாள். நாலு பேரையும் அவன் அடித்த விதம் அழகாக இருந்தது. அவளுடைய குரல் கிறீச்சிட்டுத் தெறித்தது. அதை மட்டும் வெட்டி, எங்கும் போடாமல், சாய்ப்ரியாவுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "அம்மா பாத்தாங்கக்கா. அண்ணனுக்கு இன்னும் காட்டலீங்க."

ஆனி மாதம் அண்ணன் வேறொரு கல்லூரியில் சேர்ந்துவிட்டதாகச் சாய்ப்ரியா எழுதியிருந்தாள். எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை. ஃபெமினாவும் கேட்கவில்லை.