கிரேன்காரர் போட்ட இரண்டாவது மாத்திரை

கிரேன்காரர் வெளிக்குப் போய் நாலைந்து நாளாயிற்று. எப்படிப் போகும்? ஆகாயத்தில் தொங்கும் கூண்டுக்குள் காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். நடுவில் ஒன்றுக்கு வந்து தொலைக்கக் கூடாதே என்று பகலெல்லாம் சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். ஊரில் பாதிப் பேருடைய வயிற்றுக் கதை அவளுக்கு அத்துப்படி. இந்த மனுஷன் மட்டும் அவளிடம் வாயைத் திறக்கவில்லை. கூச்சமாம்! நாலு தெரு தள்ளி வேறொரு கடைக்குப் போய், மலச்சிக்கலுக்கான நார்ப்பொடி வாங்கினார். டம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டியதை, தண்ணீரைக் குறைக்கிறேன் பேர்வழி என்று ரெண்டு மடக்கில் விழுங்கிவைத்தார். உள்ளே போன பொடி கல்லாக உட்கார்ந்துகொண்டது.

சரியென்று பேதி மாத்திரைக்கு மாறினார். ராத்திரி ஒன்று போட்டுப் படுத்தார். விடியற்காலை எழுந்து பார்த்தால் ஒன்றையும் காணோம். பொறுமை இருந்தால்தானே? இன்னொன்றையும் வாயில் போட்டுக்கொண்டு கிரேனில் ஏறிவிட்டார்.

அன்றைக்கென்று, கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் உச்சி மாடிக்குப் பெரிய கண்ணாடி போக வேண்டும். அது பாதி உயரத்தில் தொங்கும்போது வயிறு கடமுடவென்றது. ராத்திரி மாத்திரை விழித்துக்கொண்டது! கிரேனை அப்படியே நிறுத்திவிட்டார்.

“மாமா, ஏன் நிறுத்திட்டீங்க?” வாக்கி-டாக்கியில் கத்தினான் மச்சான். மனைவியின் தம்பி, கீழே கொக்கி மாட்டுகிறவன்.

“வயிறுடா…”

“வயித்துக்கு என்ன?”

கண்ணாடி உடைந்தால் வேலை போகும். சொன்னால் மானம் போகும். பொடியிலிருந்து ரெண்டாவது மாத்திரைவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சைட்டில் எல்லார் இடுப்பிலும் அதே வாக்கி-டாக்கி. வெல்டர் சிரித்த சிரிப்பு கூண்டுவரை கேட்டது. மச்சான் அதோடு விட்டானா? அக்காவைப் போனில் பிடித்து, போனை வாக்கி-டாக்கியோடு ஒட்டிவைத்தான்.

“ராத்திரி போட்டா காலைலதாங்க வேலை செய்யும்! அதுக்குள்ள இன்னொண்ணா? தண்ணியாவது குடிச்சீங்களா?”

“இல்லடி.”

“நல்லா இருக்கு! தண்ணி இல்லாம பொடியத் தின்னா கெட்டிப்படாம என்ன பண்ணும்? சரி, பயப்படாதீங்க. கண்ணாடிய மெதுவா எறக்குங்க. ஏங்க, என்கிட்ட சொல்றதுக்கு என்ன வெட்கம்?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினார். கண்ணாடி கீறல் விழாமல் தரையில் உட்கார்ந்தது. அப்புறம் ஏணியில் இறங்கினாரே ஓர் இறக்கம், அப்பப்பா! ஆட்கள் அலறிக்கொண்டு வழிவிட்டார்கள். கழிப்பறைக்குள் இருந்த இன்ஜினியரை, கதவைத் தட்டித் தட்டியே வெளியேற்றியிருந்தான் மச்சான்.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சைட்டே வேலையை விட்டுவிட்டு நின்றது. போனில் அவளும் காத்திருந்தாள்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. பொத்தானை அழுத்தியவர் சாட்சாத் கிரேன்காரரேதான்.

“போயாச்சுடி! எல்லாரும் கேட்டுக்கங்கய்யா, போயாச்சு!”