தினமும் வேலைக்கு வருகிறவர்

குடோன் வாசலில் என்னை எல்லோரும் 'செக்யூரிட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு முன்னால் இருந்தவரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் இதே நாற்காலியில், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்த கையோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். மறுநாளே சூப்பர்வைசர் அவர் சட்டையை எனக்குக் கொடுத்தார். மூன்றாவது பொத்தான் மட்டும் நீல நூலில் தைத்திருந்தது. லாரிக்காரர்களுக்கு ஆள் மாறியதே தெரியவில்லை. வழக்கம்போல் வணக்கம் வைத்தார்கள், நானும் வைத்தேன்.

வருகைப் பதிவேட்டில் என் பெயர் இல்லை.

"புதுப் பேரு ஏத்தினா ஹெட் ஆபீஸ்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. அவர் பேருக்கு நேராவே கையெழுத்துப் போடு. சம்பளம் கையில வருதுல்ல?" என்றார் சூப்பர்வைசர்.

வந்தது. வீட்டில் மூன்று வயிறு. செத்தவரின் கையெழுத்தை, கடைசிச் சுழி உட்படப் போடப் பழகிவிட்டேன். சில நாட்கள் என் கையெழுத்தே மறந்துபோகும். பயமாக இருக்கும்.

நான்கு மாதம் கழித்து, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு ஓர் அம்மா வந்தார்.

"வீட்டுக்காரர் பென்ஷனுக்கு எழுதிப் போட்டேன் தம்பி. அவர் தினமும் வேலைக்கு வர்றாராம், கம்ப்யூட்டர் சொல்லுதாம். ஒரு நாள்கூட லீவு இல்லையாம்." சிரித்தார். "உசிரோட இருந்தப்பகூட மனுஷன் இவ்வளவு ஒழுங்கா வந்ததில்ல."

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்; அவர் உட்காரவில்லை.

"பொண்ணு படிப்பு நின்னுபோச்சு. வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க. வர்றது நெஜம்னா ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன். எப்ப வருவாரு?"

கேட்டுக்கொண்டே என் சட்டையைப் பார்த்தார். நீல நூலை விரலால் தொட்டார்.

"காக்கி நூல் தீந்துபோச்சு அன்னிக்கு" என்றார்.

பதிவேட்டை எடுத்தேன். அவர் பெயருக்கு நேராக, அன்றைய கட்டத்தில், 'இறந்துவிட்டார். நான்கு மாதமாகக் கையெழுத்துப் போட்டது நான்' என்று எழுதினேன். கீழே என் சொந்தக் கையெழுத்து.

"போன்ல படம் புடிச்சுக்கோங்கம்மா. இத பென்ஷன் ஆபீஸ்ல காட்டுங்க."

சாயங்காலம் சூப்பர்வைசர் அந்தத் தாளைக் கிழித்தார், சட்டையைக் கழற்றச் சொன்னார். அந்த மாதச் சம்பளத்தைக் கேட்டேன். மிச்சப் பதிவேட்டை நிதானமாகப் புரட்டினார்.

"நீ இங்க வேலையே பாக்கலியேப்பா."

பொய் இல்லை. வேலை பார்த்தவர் செத்துப்போயிருந்தார்.