சிகரம் முறிக்கணும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதுவும் என் சொந்தக் கோபம் இல்லை, சிசிலியிடம் இரவல் வாங்கியது. வாங்கிக் கொஞ்ச நாளிலேயே அது என்னுடையதாகிவிட்டது. இனி அவளே கேட்டாலும் திருப்பித் தருவதாக இல்லை.

நான் மலையாள எல்லையோரத்துக் கோபாலபுரத்துக்காரி. மகள் இங்கே சின்னக்கானலில் எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சர், அவளோடு தங்கியிருக்கிறேன். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நேர் கீழே தொழிலாளிகளின் லைன் வீடுகள். சிசிலி அங்கே இருக்கிறாள். அவள் புருஷன் சிலுவைராஜ், ஏலத்தோட்டத்து நிழல் மரங்களில் ஏறிக் கொம்பு கழிக்கிறவன். அவன் மேலே இருக்கும்போது கீழே கயிறு பிடிக்கிறவள் சிசிலி. இப்போது அவனை இந்த எஸ்டேட்டில் எந்த மரத்திலும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கம்பக்கத்து எஸ்டேட்களுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மரம் ஏறாத சிலுவைராஜ் வாசலில் உட்கார்ந்து கோழியைத் திட்டிக்கொண்டிருக்கிறான்.

முதலில் போனில் இப்படி ஆரம்பித்தேன்:

“அந்தச் சந்தனவேம்பு ஒரு தாயைப் போலக் கைகளை விரித்து லைன் வீடுகளை—”

சிசிலி என் தோளுக்குப் பின்னால் நின்று போனைப் படித்தாள். “தாயா? எந்தத் தாயிம்மா பிள்ளைக தலையில வந்து விழுவா?”

அழித்தேன். அடுத்தது:

“‘ஏனுங்க சார், இந்த மரத்தைப் பார்த்தீங்களா?’ என்று சிலுவைராஜ் பணிவாகக்—”

அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடின. “எங்க வீட்டுக்காரரு என்னைக்கும்மா ‘ஏனுங்க’ன்னாரு? அது உங்க ஊர்ப் பேச்சுல்லா. பணிவாம்லா! அந்த மனுசன் மாதாகிட்டயே மல்லுக்கு நிக்கிற ஆளு.”

2

சரி, ஆளை அப்படியே வைக்கிறேன். உங்களுக்கு ஒரு சாதுவான தொழிலாளி கிடைத்தால் பரிதாபப்படுவது சுலபம். சிலுவைராஜ் சாது இல்லை. தற்பெருமை ஜாஸ்தி. கெட்ட வார்த்தை பேசுவான். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒரு கொம்பிலிருந்து இன்னொரு கொம்புக்குத் தாவுவான். சிசிலி கீழேயிருந்து கல்லை எறிவாள். இப்படிப்பட்டவனுக்கு அநியாயம் நடந்தாலும் அது அநியாயம்தான் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

வேலையைச் சொல்ல வேண்டும். (இந்த இடத்தில் கதை நிற்கும். நிற்கட்டும்.) கொம்பை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டக்கூடாது. பாரம் தாங்காமல் அது தண்டின் தோலையும் உரித்துக்கொண்டு போகும். முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் வெட்டி, அப்புறம் கொஞ்சம் தள்ளி மேலிருந்து வெட்டி, பாரத்தைக் கயிற்றில் இறக்கிவிட வேண்டும். மிச்ச முளையைக் கடைசியில் எடுக்க வேண்டும். கொம்பு தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு தடிப்பு இருக்கும்.* அதில் கத்தி படக்கூடாது. அது இருந்தால் மரம் தானே உதடு கூட்டிக் காயத்தை மூடிக்கொள்ளும்.

சிசிலியின் வேலை அதைவிடக் கஷ்டம். கயிற்றைப் பக்கத்து மரத்தில் சுற்றிப் பிடித்து, கொம்பு கூரைமேல் ஊஞ்சலாடாமல் விட்டு விட்டு இறக்க வேண்டும். அவள் உள்ளங்கை அரிவாள்மணைப் பலகை மாதிரி இருக்கிறது.

உச்சியை மட்டும் வெட்டவே கூடாது. வெட்டினால் வெட்டுவாயைச் சுற்றிக் கற்றை கற்றையாகப் போத்து, அதாவது புதுக்கிளை, கிளம்பும். பார்க்கப் பசேலென்று இருக்கும். ஆனால் அவை மரத்துக்குள்ளிருந்து வந்தவை இல்லை, தோலைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. நடுத் தண்டில் தண்ணீர் இறங்கி உளுக்கும். போத்துப் பெருத்துப் பாரம் ஏறினதும் ஒரு நாள் கிழிந்து விழும்.

* சிலுவைராஜ் அதற்குச் சொல்லும் பெயரை எழுத முடியாது. என் மகள் இதைப் படிப்பாள்.

3

மூன்று மழைக்காலத்துக்கு முன்னால், எஸ்டேட்டின் மலையாளி ஃபீல்டு ஆபீசர் ஜோமோன் லைன் வீட்டுப் பக்கத்து சந்தனவேம்பின் அடியில் நின்று சிலுவைராஜைக் கூப்பிட்டார். கொம்புகள் கூரைமேல் சாய்ந்திருந்தன. சிசிலி இரண்டு குரலிலும் நடித்துக் காட்டியதை அப்படியே தருகிறேன்.

“சிலுவே, ஈ மரத்தின்டெ சிகரம் முறிக்கணும்.”

“சிகரத்தயா? சார், சிகரத்த எடுத்தா மரம் கெட்டுரும் சார்.”

“சிகரம் முறிச்சா மரம் எங்ஙனெ கெடும்? எல்லா வருஷமும் முறிக்கிறதல்லே?”

“எந்த வருசம் சார் முறிச்சோம்? சிகரத்துல கத்தி வச்சா எங்கப்பன் கல்லறையில இருந்து எந்திச்சு வந்து மிதிப்பான்.”

“வேலை செய்ய வய்யெங்கில் சொல்லு. வேற ஆளெ விளிக்காம்.”

உங்களுக்குப் புரிந்ததா? தமிழில் சிகரம் என்றால் உச்சி. மலையாளத்தில் மரத்தின் சிகரம் என்றால் கொம்பு, கிளை; முறிப்பது என்றால் வெட்டுவது. எங்கள் கோபாலபுரம் பக்கம் இரண்டு மொழியும் புழங்குகிறவர்களுக்கு இது தெரியும். இந்த மலையில் இரண்டு பேரும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு மரத்தைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

சிலுவைராஜ் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே ஏறினான். மரத்தின் தலையை எடுத்தான்.

(நிறுத்துங்கள். இப்போதுதான் படித்துப் பார்த்தேன். ஜோமோன் ‘கூப்பிட்டார்’, சிலுவைராஜ் ‘ஏறினான்’. யார் சொல்லி என் விரல் இப்படி அடித்தது? இரண்டு பேருக்கும் ஒரே வயசு. இனி இரண்டு பேரும் ‘அவன்’தான்.)

4

போன மழையில் ஒரு போத்துக் கிழிந்து இருதயம்மாள் வீட்டுக் கூரையில் விழுந்தது. சிசிலிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, தனிக்கட்டை. அவள் இடுப்பெலும்பு உடைந்தது. விசாரணை வைத்தார்கள். “ஞான் கொம்பு வெட்டத்தான் சொன்னது. அவன் தலையெ வெட்டி” என்றான் ஜோமோன். அதோடு சிலுவைராஜ் மரம் ஏறத் தடை வந்தது. ஜோமோன் சொன்னது உண்மை. எனக்கு எரிச்சலே அதுதான். பொய் சொல்லியிருந்தால் என் கதை எவ்வளவு லேசாகப் போயிருக்கும்!

இன்னொரு எரிச்சல்: அந்த இருதயம்மாளைத் தன் ஜீப்பில் படுக்கவைத்து, போடிமெட்டு வளைவுகளில் நத்தை மாதிரி ஓட்டி, போடி ஆஸ்பத்திரியில் சேர்த்தவனும் அந்த ஜோமோன்தான். வில்லனாக எழுத உட்கார்ந்தவளுக்கு இது எவ்வளவு இடைஞ்சல்! அந்தப் பத்தியை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். இருதயம்மாள் விடவில்லை. இப்போது எங்கள் குவார்ட்டர்ஸில்தான் படுத்திருக்கிறாள்.

“எழுதுங்க டீச்சரம்மா. நல்லாத்தான் கொண்டுபோனான். ஆனா வழி பூரா ‘சிலுவைதான் காரணம், சிலுவைதான் காரணம்’னு செபமால சொல்லுத மாதிரி சொல்லிட்டே வந்தான். அதையும் எழுதுங்க.”

“நான் டீச்சர் இல்லீங்க கண்ணு, என்ர புள்ளைதான் டீச்சர்.”

“எல்லாம் ஒண்ணுதான். எழுதுங்க.”

5

இன்று காலை நடந்தது.

மொட்டைத் தண்டு நடுவில் பிளந்துவிட்டது. மழை மறுபடி பிடிக்கப்போகிறது. கீழேயிருந்து மெஷின் வாள் கொண்டுவந்த ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பக்கம் லைன் வீடு, ஒரு பக்கம் கரண்டுக் கம்பி, சாய்க்க இடமில்லை. துண்டு துண்டாகக் கயிற்றில்தான் இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மரத்தடியில் இருந்த இரண்டு லைன் வீடுகளையும், இருதயம்மாளுடையதையும் சேர்த்து, காலி செய்தாயிற்று. மரத்தை இறக்கித் தரச் சொல்லி ஜோமோன் சிலுவைராஜின் வாசலுக்கு வந்தான்.

சிலுவைராஜ் கேட்டவுடனே இடுப்பில் கயிறு கட்டிவிட்டான். வெட்கம் கெட்டவன். மரத்தைப் பார்த்தால் அவனுக்குக் கை நமநமக்கும். சிசிலி மரத்தடிக்குப் போய் இறக்குக் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தாள்.

“ஏட்டி, எந்திரி. மழ வருது.”

“வரட்டும். மொதல்ல சார் வாயத் தொறக்கட்டும்.”

“சிசிலி, பாஷெயில ஒரு தெற்று பற்றிப்போயி” என்றான் ஜோமோன். (தெற்று என்றால் தப்பு.) “ஆருடெ குற்றமும் இல்ல.”

“பின்ன எதுக்கு இவரு மட்டும் வீட்ல உக்காந்திருக்காரு? காதுல விழுறதுக்குப் பாச உண்டு சார். கண்ணுல படுறதுக்கு என்ன பாச? அன்னைக்கு அந்தா அங்கன கொடையப் பிடிச்சிட்டு நின்னீங்க. மரத்துத் தல தனியாக் கயித்துல எறங்குனத முழுசாப் பாத்தீங்க. கொம்புதான் சொல்லியிருந்தா, ‘ஏலே நிறுத்து’ன்னு ஒரு சத்தம் போட்டிருப்பீங்கள்லா? ‘சூப்பர்’னு சொன்னீங்க சார். கயிறு எங் கையில இருந்துச்சு. எங் காதால கேட்டேன்.”

ஜோமோன் செருப்பைப் பார்த்தான்.

“மஸ்டர்ல, பேரு கூப்பிட எல்லாரும் நிக்கையில சொல்லுங்க. ‘நான் பாத்துட்டுத்தான் நின்னேன், தடுக்கல’ன்னு. அத மட்டும் சொல்லுங்க, கயித்தப் பிடிக்கேன்.”

“விடுட்டி” என்றான் சிலுவைராஜ். “யாரு என்ன சொன்னான்னு மரத்துக்குத் தெரியவா போவுது?”

“மரத்துக்குத் தெரியாண்டாம். நாளைக்கு உன்னய வேலைக்குக் கூப்புடுதவனுக்குத் தெரியணும்.”

எங்கள் ஜன்னலோரம் படுத்திருந்த இருதயம்மாள் கத்தினாள்: “கேளுட்டி! இன்னும் நல்லாக் கேளு! நான் இங்கனயே கெடந்துக்கிடுதேன், நீ கயித்தத் தொடாத!”

6

முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

ஒன்று: ஜோமோன் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்கிறான், கை தட்டுகிறார்கள். இந்த மலையில் எந்த ஆபீசர் அப்படிச் சொல்லி யார் கை தட்டியிருக்கிறார்கள்? அழித்தேன்.

இரண்டு: ராத்திரி மரம் தானாகவே காலி வீட்டின் மேல் விழுகிறது. முடிவு தெரியாத கதைக்காரி மரத்தின் தலையில் கட்டுகிற முடிவு. அழித்தேன்.

மூன்று: சிசிலி பெருமூச்சு விட்டு எழுந்து கயிற்றைப் பிடிக்கிறாள். மரம் அழகாக இறங்குகிறது. எல்லோரும் டீ குடிக்கிறார்கள். மறுநாள் சிலுவைராஜ் மறுபடி வாசலில், கோழியோடு. இதுதான் நடக்கக்கூடியது. நீங்களும் இதைத்தான் எதிர்பார்த்தீர்கள், மறைக்காதீர்கள். இவர்கள் எப்படியும் கயிற்றைப் பிடித்துவிடுவார்கள் என்று நம்பித்தானே எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்? இதை அழிக்கும்போதுதான் போன் உடைகிற மாதிரி அழுத்தினேன்.

இப்போது தூறல் போடுகிறது. மஸ்டருக்கு வந்த ஜனம் மொத்தமும் மரத்தைச் சுற்றி நிற்கிறது. சிலுவைராஜ் தண்டில் ஒரு கால் வைத்தபடி நிற்கிறான். சிசிலி எழுந்திருக்கவில்லை. ஜோமோன் குடையை மடக்கினான். தொண்டையைச் செருமினான்.

“அன்னு… ஞான் இவிடெ நின்னிட்டு…”

‘அன்றைக்கு நான் இங்கே நின்றுகொண்டு’ என்பதோடு நிற்கிறான். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறான். மீதியை அவன்தான் சொல்ல வேண்டும். நான் எழுதிக் கொடுக்கமாட்டேன். பாவம், திணறுகிறான் என்று நீங்களும் முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். நில்லுங்கள். நனையுங்கள். சிசிலி உட்கார்ந்திருக்கிறாள்.