நன்றி சொல்லக் கூடாத செடி

தீவின் மலையூரான நாரான்ஹித்தோவின் செங்களிமண் யாருக்கும் லேசில் மசியாது. மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். இராய்தா அந்த மண்ணோடு மல்லுக்கட்டியே ஓய்ந்துபோனாள். வாசல் பாத்தியில் ரோஜா வைத்தாள், வேர் அழுகியது. லில்லி வைத்தாள், கருகியது. எதிர்வீட்டிலிருந்து அவள் அக்கா நொயேலியா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அம்மாவின் சாவு வீட்டில் வார்த்தை தடித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

ஒருநாள் காலை அக்காவே தெருவைத் தாண்டி வந்துவிட்டாள். கையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய ஒடித்த துண்டுகள்.

"ரோஜாவாம் ரோஜா! இந்தக் களிமண்ணுல அது பொழைக்குமாடி? இந்தா, படர்ற உண்ணிச்செடி, மஞ்சப்பூ கடலைக்கொடி. வெயில் அடிச்சாத்தான் இதுங்களுக்குக் கொண்டாட்டம். இது பத்துமணிப் பூ, கொஞ்சம் மேடு கட்டி வை, தண்ணி தேங்கக் கூடாது. வெட்சி கிட்சின்னு உசரமா எதையும் வச்சுத் தொலைக்காத. என் வாசல்லேருந்து பாத்தா உன் மூஞ்சி தெரியணும்."

இராய்தா டின்னை வாங்கிக்கொண்டாள்.

"பையன் ஓர்லாண்டோவுக்கே வந்துடுன்னு பிடுங்கி எடுக்கிறான். நான் இன்னும் பதில் சொல்லல," என்றாள் நொயேலியா. சொல்லிவிட்டு நின்றாள்.

இராய்தாவின் நாக்கு நுனியில் இருந்தது நன்றி ஒன்றுதான். அதைத்தான் சொல்லக் கூடாது. கொடுத்த செடிக்கு நன்றி சொன்னால் அது வேர் பிடிக்காமல் பட்டுப்போகும் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். 'போகாதே அக்கா' என்றாவது சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லியிருக்கலாம்தான். இத்தனை வருட வீம்பு அவ்வளவு சீக்கிரம் வழிவிடுமா? செடி பிடிக்கட்டும், பூத்ததும் காப்பியோடு போய் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாம் என்று நினைத்தாள். அக்கா சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

செடிகள் என்னவோ வஞ்சனையில்லாமல் பிடித்துக்கொண்டன. முதல் பூ விரிந்த அன்றே இராய்தா காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

"நேத்தே சான் ஹுவான்ல பிளேன் ஏறிட்டாளே, உன்கிட்ட சொல்லலியா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

இராய்தா போன் போட்டாள்.

"அக்கா, நான்தான்."

"செடி பிடிச்சுதா?"

"பிடிச்சுது. அன்னைக்கு நன்றி சொன்னா பட்டுப்போயிடுமேன்னுதான் வாயத் திறக்கல."



"ஆறு வயசுலயே என்னை நியூயார்க்குக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, பெரியவளானப்புறம்தானே ஊருக்குத் திரும்பினேன். அதெல்லாம் எனக்கு எங்கடி தெரியும்? உனக்கு இன்னும் கோவம் தீரலன்னு நினைச்சுட்டேன். வீட்டை வித்துக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கிளம்பினேன்."

"செடி பட்டாப் பட்டுட்டுப் போகட்டும்னு நன்றி சொல்லித் தொலைச்சிருக்கணும்க்கா," என்று இராய்தா விம்மி விம்மி அழுதாள்.