லியாந்தரின் ஆறு வாரம்

லியாந்தர் சுரெட் அக்டோபர் மாதம் முழுக்கக் காய்ச்சலோடுதான் படகு வேலை பார்த்தார். மாலையானால் குளிர் நடுக்கம்; விடிந்தால் தலையணை நனைந்திருக்கும். ஃப்ளூ என்றார். இடுப்பு பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார். கடைசியில், மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரை அவர் மனைவி ஒடில் காரில் தள்ளி ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள்.

ரத்தத்தில் கிருமி இருந்தது. செப்டம்பரில் படகிலேயே குறடு வைத்துத் தன் கடைவாய்ப்பல்லைத் தானே பிடுங்கியிருந்தார். அந்த வழியாகப் புகுந்தது இதயத்தில் போய்க் குடியேறிவிட்டது. அவருடைய பெருந்தமனி வால்வில் மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் பிறவியிலேயே இரண்டுதான். சின்ன வயதில் ஒரு டாக்டர் சொன்னதாக நினைவு. அதற்கப்புறம் நாற்பத்தைந்து வருஷம் கடலில் போய்விட்டதால் மறந்துவிட்டார்.

ஆறு வாரம் படுக்கை. நாலு மணிக்கொரு தரம் பெனிசிலின். மேல்கை நரம்பு வழியாக நெஞ்சுவரை போகும் மெல்லிய குழாயில் அது இறங்கும்.

இதய வார்டில் பகல் நேர நர்ஸ் ரோசலி மியூஸ். இருபத்தொரு வருஷ அனுபவம். அவள் புருஷனும் படகுக்காரன்தான். நவம்பர் கடைசித் திங்கட்கிழமை சிங்கி இறால் பருவம் தொடங்குகிறதென்றால் அந்தக் கரையில் ஒரு மீனவன் மனசு என்ன பாடுபடும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் காலையில் எடை பார்ப்பாள். நகங்களுக்கு அடியில் ரத்தக்கீற்று உண்டா, கண்ணின் கீழிமையில் சிவப்புப் புள்ளி உண்டா என்று தேடுவாள். குழாய் நுழையும் இடத்தைத் தொட்டுப் பார்ப்பாள். மெத்தென்ற பிரஷ்ஷால் அவர் பல் துலக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

"கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு? நல்ல சேதி ஏதாச்சும் இருக்கா?"

"வாய் கோணுதான்னு பாக்கணும். வால்வுல ஒட்டியிருக்கிற கட்டி துணுக்கு துணுக்கா உடைஞ்சு மூளைக்குப் போகலாம். சிரிங்க."

"முப்பது வருஷமா ஒடில் சொல்றா, என் வாயே கோணல்னு. அவளைக் கேட்டு எழுதிக்க."

"ரெண்டு கையும் தூக்குங்க."

"உன் புருஷன் கிட்டயும் இப்படித்தான் அதிகாரம் பண்ணுவியா?"

"அவர் பல்லைக் குறட்டால பிடுங்கறதில்ல."

பத்தாம் நாள் காய்ச்சல் நின்றது. பசி வந்தது. ஒடில் வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு துருவி வேகவைத்த ராப்யூர் கொண்டுவந்தாள். அவர் வழித்துச் சாப்பிட்டார். உடம்பு தேறத் தேற ஆளைப் பிடித்து வைப்பது கஷ்டமாகிவிட்டது.

பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை. ரோசலி அறைக்குள் போனபோது லியாந்தர் கோட்டும் பூட்ஸும் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நாளன்னிக்கு விடியறப்போ படகு கிளம்பணும். ஃபாரத்தைக் குடு. என் இஷ்டத்துலதான் போறேன்னு கையெழுத்துப் போடறேன்."

"மருந்து இன்னும் மூணு வாரத்துக்கு மேல இருக்கு."

"காய்ச்சல் எங்க? கிருமியெல்லாம் செத்துப் போச்சு. பருவத்தோட முதல் வாரம் போனா வருஷமே போச்சு, உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால் அவள் வாதாடவில்லை. ஃபாரம் எடுக்க நர்ஸ் மேஜைக்குப் போனாள். போகிற ஆளின் குறிப்பை முடிக்க வேண்டுமே என்று, அவர் நெஞ்சில் இன்னும் ஒட்டியிருந்த கருவி அங்கே அனுப்பும் இதயத் துடிப்பின் காகிதப் பட்டையை ஓடவிட்டுக் கிழித்தாள்.

மேலறை துடித்தபின் கீழறை துடிக்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று அந்தப் பட்டையின் சின்னக் கட்டங்களை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். ஐந்துக்குள் இருக்க வேண்டும். ரோசலி எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள். ஏழேதான்.

பழைய பட்டைகளைப் புரட்டினாள். சேர்ந்த அன்று நாலு. புதன்கிழமை ஐந்துக்குச் சற்று மேல். புதன்கிழமைப் பட்டையில் இருந்தது அவளுடைய கையெழுத்து. எண்ணி, எழுதி, கோப்பில் வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருக்கிறாள்.

போனை எடுத்தாள். அன்று முறை டாக்டர் மக்காஸ்கில், படிப்பு முடித்து இரண்டு வருஷமான இளைஞன்.

"நாடி அறுபத்தெட்டு. பிரஷர் நல்லா இருக்கு. காய்ச்சல் இல்ல. அப்புறம் என்ன?" என்றான் அவன். "திங்கக்கிழமை ஒரு எக்கோ எடுத்துப் பாக்கலாமே."

"திங்கக்கிழமை வரைக்கும் தாங்காது டாக்டர். வால்வோட வேர்ல சீழ் கட்டியிருக்குன்னு நினைக்கிறேன். மின்சாரம் போற பாதையை அது அமுக்குது. நீங்க வந்து பாருங்க. வரலேன்னா ஹாலிஃபாக்ஸ் பெரிய ஆஸ்பத்திரி இதய டாக்டரை நானே கூப்பிடறேன்."

ஆறு நிமிஷத்தில் வந்தான். பட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தவன் ஹாலிஃபாக்ஸுக்குப் போன் போட்டான். ஹெலிகாப்டர் அனுப்புகிறோம் என்றார்கள்.

ரோசலி லியாந்தரின் அறைக்குத் திரும்பினாள். ஃபாரம் இல்லாத அவள் கையைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

"கோட்டைக் கழட்டுங்க. நெஞ்சுல மின்சார பேட் ஒட்டணும், துடிப்பு நின்னா உதவும்."

"ரோசலி, விளையாடாதே."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் அப்படி உட்காருவதில்லை. "வால்வுக்குப் பக்கத்துல கிருமி தோண்டிட்டு இருக்கு. மருந்து அங்க எட்டல. இதயத்தோட மேல் பாதி சொல்றது கீழ்ப் பாதிக்குத் தாமதமாப் போய்ச் சேருது. ஒரு கட்டத்துல போகவே போகாது. அது கடல்ல நடந்தா ஜோசெட்தான் உங்களைக் கரைக்குக் கொண்டுவரணும், பிணமா."

ஜோசெட் அவருடைய மகள். இருபத்தாறு வயது, எட்டு வருஷமாக அவர் படகில் வலைக்கூண்டு இழுக்கிறவள்.

லியாந்தர் தன் பூட்ஸைப் பார்த்தார். "இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை.

"புதன்கிழமையே ஆரம்பிச்சிருக்கு. நான்தான் எண்ணினேன், எழுதினேன். முன்னாடி இருந்ததோட ஒப்பிட்டுப் பாக்கல. பாத்திருந்தா மூணு நாள் முன்னாடியே போயிருப்பீங்க. என் தப்பு."

அவர் அவளையே பார்த்தார். பிறகு கோட்டின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். அவளும் உதவினாள்.

"ஒடிலுக்கு நீ சொல்லு," என்றார். "எனக்கு அவ அழுதா தாங்காது."

ஹாலிஃபாக்ஸில் அறுவை அரங்குக்கு வெளியே நாடி முப்பதுக்கு இறங்கியது. பேட் ஏற்கெனவே ஒட்டியிருந்ததால் மின்துடிப்பு கொடுத்துச் சமாளித்தார்கள். வால்வின் வேரில் நாவல்பழம் அளவுக்குச் சீழ்ப்பை. சுத்தம் செய்து புது வால்வு வைத்தார்கள். உலோக வால்வா, மாட்டுத் திசு வால்வா என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். உலோகம் வைத்தால் ஆயுளுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. கயிறும் கத்தியுமாக வேலை செய்கிறவனுக்கு அது ஆபத்து. மாட்டு வால்வு பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துபோகலாம். "மாடே இருக்கட்டும்," என்றாராம். "இரும்புன்னா துருப்பிடிக்கும்." தோளெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கரும் வைத்து, டிசம்பர் நடுவில் ரோசலியின் வார்டுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

மருந்துக் கணக்கு அறுவை நடந்த நாளிலிருந்து மறுபடி ஆறு வாரம். அதைக் கேட்டு அவர் போட்ட சத்தம் வராந்தாவரை கேட்டது.

படகை ஜோசெட் ஓட்டினாள். அப்பாவுக்குப் பதிலாக ஓட்ட மீன்துறையில் அனுமதி வாங்கி முதல் நாளே கிளம்பிவிட்டாள். லியாந்தர் மணிக்கொரு தரம் போன் செய்தார்.

"அப்பா, வைங்க போனை! கையில கயிறு இருக்கு!"

ஒருநாள் ரோசலி மருந்து மாற்ற வந்தபோது அவர் முகம் தொங்கியிருந்தது. எங்காவது வலிக்கிறதா என்று கேட்டாள்.

"கூண்டையெல்லாம் ஆழத்துக்கு மாத்திட்டா. முப்பது வருஷமா நான் போடற இடத்தை விட்டுட்டு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"பிடிப்பு எப்படி?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு," என்றார், ஏதோ கெட்ட சேதி மாதிரி.

ரோசலி தலைமை நர்ஸிடம் புதன்கிழமை நடந்ததை எழுதிக் கொடுத்தாள். வால்வில் கிருமி உள்ளவர்களுக்கு ஒவ்வொரு முறைமாற்றத்திலும் கட்டத்தை எண்ணி, முந்தைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று வார்டில் ஏற்பாடானது. தலைமை நர்ஸ் திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று ரோசலிக்குப் பல நாள் தோன்றியது.

மே மாதம் பருவம் முடிகிற வாரத்தில், புருஷனை அழைத்துப்போக அவள் படகுத்துறையில் நின்றிருந்தாள். சுரெட் படகு வந்து அணைந்தது. சுக்கானில் ஜோசெட். பின்பக்கம் ஒரு கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து லியாந்தர் இறால் கொடுக்குகளுக்கு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தார். கூண்டு தூக்க அவருக்கு இன்னும் அனுமதி இல்லை.

"அப்பா, அந்தப் பெட்டியைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

"நகத்தினேன்டி, தூக்கல!"

ரோசலி துறையின் ஓரத்துக்கு வந்து குனிந்து கேட்டாள். "மூச்சு வாங்குதா?"

"வேலைக்கு வாங்கல," என்றார் லியாந்தர், அடுத்த இறாலை எடுத்தபடி. "இவளுக்குப் பதில் சொல்லத்தான் மூச்சு பத்தல."