வெள்ளிக்கிழமை வோல்டேஜ்

மூன்றாவது வெள்ளிக்கிழமையாக, சொல்லிவைத்தாற்போல் ஒன்றேகால் மணிக்கு, ஹாஃபிஸாவின் எம்பிராய்டரி மெஷின் நின்றுவிட்டது. ரவிக்கைக் கையில் மயில் பாதிதான் விழுந்திருந்தது. கழுத்து இருக்கிறது, தோகையைக் காணோம்.

சுவரில் மாட்டியிருந்த சாம்பல் நிறப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கரன்ட் அளவுக்கு மேல் வந்தால் மெஷினுக்குப் போகவிடாமல் வெட்டிவிடும் பெட்டி அது. வெட்டட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் வாரத்தில் ஆறு நாள் வாயை மூடிக்கொண்டு கிடந்துவிட்டு வெள்ளிக்கிழமை மட்டும்தான் வெட்டுவேன் என்றால், அதற்கு என்ன பெயர்? அதுவும் இன்றைக்கு!

இன்றைக்கு மூன்று மணிக்குள் முப்பத்திரண்டு ரவிக்கையும், டாக்ஸியில் கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் மாட்டுங்காவுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே நாட்டியப் பள்ளி நடத்துகிற ஷ்யாமளா, தன் மாணவிகளை அழைத்துக்கொண்டு நாலு மணி ரயிலில் புனேக்குக் கிளம்புகிறாள். இன்னும் எட்டுக் கை பாக்கி. ஒரு கைக்கு ஆறு நிமிஷம். கணக்கு சரியாகத்தான் இருந்தது, இந்தப் பெட்டி வாயைத் திறக்கும்வரை.

ஹாஃபிஸா சொந்தமாகப் பிடித்த முதல் ஆர்டர் இது. துணி கூரியரில் வந்தது, பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் முடிந்தது. அதற்குமுன் பதினொரு வருஷம், இதே வரிசையில் இருக்கும் அக்கா புருஷன் தப்ரேஸின் பட்டறையில் அவர் சொன்ன டிசைனை, அவர் சொன்ன நேரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். வளையலை விற்று இந்தப் பழைய மெஷினை வாங்கியபோது தப்ரேஸ் சண்டையா போட்டார்? இல்லை. "போயிட்டு வா, ரம்ஜானுக்குள்ள வந்துருவ" என்றார். அவள் உட்கார்ந்த முக்காலியைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலோ எரிச்சல். மெஷினின் போர்டு எரிந்துபோனால் மாற்று கிடைக்காது. ஆர்டர் கைவிட்டுப்போனால் அடுத்தது வராது. இரண்டில் எது நடந்தாலும் அவள் போக வேண்டிய இடம் அந்த முக்காலிதான்.

பெட்டியை மாட்டிக்கொடுத்த ஷாலினி நாலு சந்து தள்ளி ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். போன் போட்டதும் ஐந்தாவது நிமிஷம் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தாள்.

"ஏளா, ஒன் பெட்டிய நீயே தூக்கிட்டுப் போ! இந்த வரிசையில இருவது பட்டறை இருக்கு. ஒருத்தன்ட்டயும் பெட்டி கிடையாது, எல்லாம் ஜம்முனு ஓடுது. என் ஒருத்திக்குத்தான் சனியன் பிடிச்சிருக்கு."

"அக்கா, போன சனிக்கெழமையே வந்து பாத்தேன்லா? எரநூத்தி முப்பது வோல்ட், சரியாத்தான் காட்டிச்சு. எனக்கும் ஒண்ணும் பிடிபடல."

"பிடிபடலன்னா தள்ளி நில்லு. நான் நேர சுவத்துல சொருகிக்கிடுதேன்."

ஹாஃபிஸா பிளக்கைப் பிடுங்கியே விட்டாள். ஷாலினி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு நிமிஷம்க்கா! மொதல்ல ஒரு குண்டு பல்ப மாட்டிப் பாப்போம். போனா பல்போட போவட்டும்."

பையிலிருந்த பழைய பல்பைச் சுவர் பிளக்கில் கொடுத்தாள். அது எரிந்த எரிப்பில் அறை முழுக்க வெள்ளை வெளேரென்று ஆனது. இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கினார்கள். பத்து எண்ணுவதற்குள் 'டப்' என்று போய்விட்டது. ஷாலினி மீட்டரை வைத்துப் பார்த்தாள். முந்நூற்றுப் பத்து.

"யா அல்லாஹ்!" ஹாஃபிஸா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்நேரம் அவள் மெஷின் போயிருக்கும். தன் கையாலேயே கொள்ளி வைத்திருப்பாள். பெட்டியைத் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

"சரி, இன்னிக்கு மட்டும் ஏன் ஏறுது?" என்று ஷாலினி தலையைச் சொறிந்தாள். "இன்னிக்கு இங்க என்னக்கா வித்தியாசம்?"

ஹாஃபிஸா காதைக் கொடுத்தாள். வித்தியாசமா? சத்தமே இல்லையே! கீழே, பக்கத்தில், எங்கேயும் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. ஆண்கள் எல்லாரும் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். பெண்பிள்ளை வீட்டிலேயே தொழுதுகொள்வதால், இந்த வரிசையில் அந்நேரத்தில் ஓடுவது அவள் மெஷின் ஒன்றுதான். அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கும் என்பதால் அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

"எதிர்வரிசை?" என்று ஷாலினி ஜன்னலை எட்டிப் பார்த்தாள். எதிரே வெயிலுமுத்துவின் இஸ்திரிப் பட்டறையில் ஒன்பது பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அட மக்கு நானு! ரெண்டு வரிசைக்கும் கரன்ட் கொண்டுவர்ற பேஸ் கம்பி வேற வேறக்கா, ஆனா திரும்பிப் போற நியூட்ரல் கம்பி ஒண்ணுதான். அது எங்கயோ லூஸாயிட்டு. அப்படி ஆனா லோடு இருக்குற பக்கம் வோல்டேஜ் இறங்கும், சும்மா கெடக்குற பக்கம் ஏறும். மத்த நாள்ல ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி ஓடுது, அதான் தெரியல."

"அப்ப அந்தப் பக்கம் இறங்கியிருக்கணுமே?" ஹாஃபிஸா எழுந்துவிட்டாள். "வாளா!"

மணி ஒன்று முப்பத்தைந்து. எதிர்ப் பட்டறைக்குள் கால் வைக்கும்போதே வெயிலுமுத்துவின் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கெழமையானா இந்தப் பெட்டிகளுக்கு என்ன எளவு வந்துருது! சூடே ஏற மாட்டேங்கு. எவம்ல வயர மாத்திக் குடுத்தது?"

இருந்த பதற்றத்திலும் ஹாஃபிஸாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணாச்சி, அவங்கள வையாதீங்க. ஒங்க சூடெல்லாம் எங்க வீட்டுக்குல்லா வந்துட்டு!"

ஷாலினி மீட்டரைக் காட்டினாள். நூற்றைம்பத்தெட்டு. விஷயத்தைச் சொன்னாள். வெயிலுமுத்து மீட்டரையும் தன் ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடப்பாவமே! மூணு வாரமா இவனுவளயில்லா வைதுக்கிட்டுக் கெடக்கேன்."

"அண்ணாச்சி, ஒரு மணி நேரம் பெட்டியெல்லாம் அணைச்சிப் போடுங்க. என் பொழப்பே இந்த எட்டுக் கையிலதான் இருக்கு."

"நல்லாருக்கே கதை! அஞ்சு மணிக்கு எனக்கு ஐநூறு சட்டை போவணும்மா."

"சூடில்லாத பெட்டிய வச்சுத் தேச்சா சட்டை போயிருமா? சாப்பாட்ட இப்பவே வச்சுக்கிடுங்க. அதுக்குள்ள கம்பெனிக்காரங்க வந்து நியூட்ரல சரி பண்ணிட்டாங்கன்னா ஒங்களுக்கும் சூடு வரும்."

வெயிலுமுத்து ஒரு பெட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி, "ஏலே, எல்லாத்தையும் அணைங்கலே! சோத்துக்குப் போங்க!" என்றார்.

ஷாலினி கரன்ட் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு, ஹாஃபிஸாவின் வரிசைப் பட்டறைகளில் யாரும் வந்தவுடன் மெஷினைப் போட்டுவிடாதபடி வாசலில் காவல் நின்றாள்; போட்டால் இந்தப் பக்கம் வோல்டேஜ் இறங்கிவிடும். ஹாஃபிஸா படியேறி, பிளக்கைத் திரும்பப் பெட்டியில் சொருகினாள். பெட்டி மூன்று நிமிஷம் யோசித்துப் பச்சை விளக்கைக் காட்டியது. மயிலுக்குத் தோகை விழ ஆரம்பித்தது. மூன்றாவது கையில் ஜரிகை நூல் அறுந்தது. கோத்தாள். ஏழாவதில் மறுபடியும் அறுந்தது, அவள் வாயில் வந்ததை எழுத முடியாது. கடைசிக் கையை மெஷினிலிருந்து கழற்றும்போது மணி இரண்டு நாற்பத்தொன்று.

மூட்டையோடு இறங்கினால் சந்துமுனையில் கூட்டம். கம்பெனி ஆட்கள் அங்கிருந்த கரன்ட் பெட்டியைத் திறந்து, கருகிப்போன நியூட்ரல் முனையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தொழுகைத் தொப்பியைக் கழற்றாமல் தப்ரேஸ் நின்றிருந்தார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் அவருடைய ஆறு மெஷினும் சேர்ந்து போயிருக்கும் என்று ஷாலினி அவரிடம் சொல்லி முடித்திருந்தாள். அவர் மூட்டையைப் பார்த்தார்.

"டாக்ஸி பிடிக்கட்டுமா?"

"நானே பிடிச்சுக்கிடுதேன் மச்சான்."

டாக்ஸியில் உட்கார்ந்து பிசிறு வெட்டினாள். மாட்டுங்காவில் பள்ளி வாசலில் பெட்டி படுக்கையோடு பெண்கள் நின்றிருந்தார்கள். மூன்றாக இரண்டு நிமிஷம் இருந்தது.

ஷ்யாமளா ஒரு ரவிக்கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"ரொம்ப நன்னா இருக்கு" என்றாள் ஷ்யாமளா. "டிசம்பர்ல எங்களுக்குப் பெரிய புரோகிராம், அறுபது செட் வேணும். உங்க ஓனர் வரலியா? அவர்கிட்ட பேசணுமே."

பதினொரு வருஷமாக இந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது: மச்சான் கடையில் இருக்கார். இப்போது அந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஹாஃபிஸா அதை விழுங்கினாள்.

"ஓனரா? இந்தா நிக்கேன்லா," என்றாள். "சொல்லுங்கம்மா."